தோளுக்குத் தெரிவது விரலுக்குத் தெரியாது

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் பக்கம் பூக்கட்டும் அக்காக்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்திருக்கிறீர்களா? கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும். வாய் "எத்தனை முழம் வேணும்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். கை மட்டும் தன்பாட்டுக்கு மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து, எதிரும் புதிருமாக வைத்து, நூலைச் சுற்றி, முடிச்சை இறுக்கிக்கொண்டே போகும். கூடுதலாக இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் பூ உதிரும். அந்த அளவை அவர்கள் கண்ணால் பார்த்துச் செய்வதில்லை.

இப்படி ஒரு கையைப் பார்த்தால் உடம்பின் நுணுக்கமெல்லாம் விரலில்தான் குடியிருக்கிறது என்று தோன்றும். வீணை, மிருதங்கம், கோலம், ஊசிவேலை என்று நாம் எடுத்துக்காட்டும் எதுவும் விரலைச் சேர்ந்ததுதான். ஆனால் மூட்டுகளிலேயே எது மிகச் சிறிய அசைவைக் கண்டுபிடிக்கிறது என்று அளந்து பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. முன்வரிசையில் நிற்பது தோள். விரலின் நுனி மூட்டு ரொம்பவே பின்னால் நிற்கிறது.

முதலில் ஒழுங்காக அளந்தவர் ஆல்ஃபிரெட் கோல்ட்ஷைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1889இல் அவர் வெளியிட்ட அளவுகளை இன்றைக்கும் பாடநூல்கள் எடுத்துப் போடுகின்றன. முறை எளிது. ஆள் கண்ணை மூடிக்கொண்டு தசைகளைத் தளர விட்டிருப்பார். அவருடைய ஒரு மூட்டை மட்டும் வெளியிலிருந்து மெதுவாக அசைப்பார்கள். எந்தக் கோணத்தில் அவருக்கு அசைவு தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். தோளுக்கு ஏறக்குறைய 0.2 முதல் 0.4 டிகிரி போதுமாக இருந்தது. மணிக்கட்டும் அதை ஒட்டியே வந்தது. முழங்கைக்கு அரை டிகிரி அளவில். இடுப்புக்கும் முழங்காலுக்கும் 0.5 முதல் 0.8 வரை. விரலின் நடு, நுனி மூட்டுகளும் கணுக்காலும் ஒரு டிகிரியை ஒட்டியோ அதைத் தாண்டியோ அசைந்தால்தான் தெரிந்தது.

அரை டிகிரி என்பது எவ்வளவு என்று கேட்டால், சுவர்க் கடிகாரத்தின் மணி முள் ஒரு நிமிடத்தில் நகர்வது அவ்வளவுதான். வெறும் கண்ணால் பார்த்தால் முள் நகர்ந்ததே தெரியாது. அதைவிடச் சிறிய திருப்பத்தை உங்கள் தோள் இருட்டில் கண்டுபிடித்துவிடுகிறது.

தோளுக்கு ஏன் இந்தக் கூர்மை? சின்னக் கணக்கு ஒன்று போட்டால் விளங்கும். தோளிலிருந்து விரல் நுனி வரை 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தோள் ஒரு டிகிரி திரும்பினால் விரல் நுனி சுமார் 1.2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆட்காட்டி விரலின் கடைசி மூட்டிலிருந்து நுனி வரை இரண்டரை சென்டிமீட்டர்தான். அந்த மூட்டு ஒரு டிகிரி திரும்பினால் நுனி அரை மில்லிமீட்டர்கூட நகராது. தோள் ஒரு டிகிரி தவறினால் பூக்காம்பைப் பிடிக்க வேண்டிய விரல் பக்கத்துப் பூவுக்குப் போய்விடும். விரல் மூட்டு ஒரு டிகிரி தவறினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பெரிய மூட்டு சின்னத் தவறுகூடச் செய்யக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

இதை இன்னும் அழகாக அவிழ்த்துக் காட்டியது 1983இல் ஆஸ்திரேலியாவில் ஹால், மெக்ளாஸ்கி என்ற இருவர் செய்த ஆய்வு. விரல், முழங்கை, தோள் மூன்றையும் சோதித்துவிட்டு, கிடைத்த அளவுகளை மூன்று அளவுகோல்களில் வைத்துப் பார்த்தார்கள். கோணத்தால் அளந்தால் தோளும் முழங்கையும் விரலை முந்தின. மூட்டுக்கு அப்பால் விரல் நுனி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்தால் விரல் முந்தியது. மூன்றாவதாக, அந்த மூட்டை இயக்கும் தசை தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்தபோது மூன்று மூட்டுகளும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன.

எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த முடிவு இதுதான். பூக்கட்டுபவரின் விரலா தோளா, எது கூர்மை என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். உடம்போ கோணத்தையும் அளக்கவில்லை, தூரத்தையும் அளக்கவில்லை. தசை எவ்வளவு நீண்டது என்பதை மட்டும் அளக்கிறது. தோளைச் சுற்றியுள்ள தசைகளுக்குத் தோள் ஒரு டிகிரி திரும்புவது பெரிய சேதி, விரலை இழுக்கும் நீண்ட தசைக்கு விரல் ஒரு டிகிரி மடங்குவது சின்னச் சேதி. வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன், ஆனால் தசைதான் அளக்கிறது என்று ஒப்புக்கொள்வதற்கே விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் ஆயிற்று. 1826இலேயே சார்லஸ் பெல் தசைக்கு ஓர் உணர்வு உண்டு என்று எழுதினார். 1906இல் சார்லஸ் ஷெரிங்டன் உடம்பு தன்னைத் தானே உணரும் இந்த ஏற்பாட்டுக்குத் தனிப் பெயரே வைத்தார். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலோர் மூட்டுக்குள் இருக்கும் உணர்விகள்தான் மூளைக்குச் சேதி சொல்கின்றன என்று நம்பினார்கள். தசையிலிருந்து கிளம்பும் நரம்புச் சேதி முதுகுத்தண்டோடு நின்று அனிச்சைச் செயல்களுக்குப் பயன்படுகிறது, நம் அறிவுக்கு எட்டுவதில்லை என்பது அப்போதைய பாடம். மூட்டு மடங்குகிறது, எனவே மூட்டுக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு இயல்பானதும்கூட.

அதை உடைத்தது ஓர் அதிர்வுக் கருவி. 1972இல் குட்வின், மெக்ளாஸ்கி, மேத்யூஸ் மூவரும் ஆட்களின் கண்ணைக் கட்டி, மேற்கையின் முன்தசையை முழங்கையோடு இணைக்கும் தசைநாண் மேல் நொடிக்கு 100 தடவை அளவில் அதிரும் கருவியை வைத்தார்கள். கை அசையாமல் இருக்கும்போதே அந்த ஆட்கள் தங்கள் முழங்கை விரிந்துகொண்டு போவதாக உணர்ந்தார்கள். மற்ற கையை அதே நிலையில் வைத்துக் காட்டச் சொன்னால் சிலர் 40 டிகிரி வரை தவறாகக் காட்டினார்கள். அதிர்வு தசை உணர்விகளைத் தட்டி எழுப்பியது, தசை நீள்கிறது என்ற பொய்ச் சேதி மூளைக்குப் போனது, மூளையும் கை நீள்கிறது என்று நம்பிவிட்டது. சேதி அறிவு வரை போகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தவர்களுக்குக் கால் அசைவு தெரிவதும் இதே பக்கத்துக்கு வலு சேர்த்தது. மூட்டே போன பிறகும் உணர்வு போகவில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. வலது கை நடுவிரலை நடு மூட்டில் மடக்குங்கள், மற்ற மூன்று விரல்களையும் நேராக நீட்டியே வைத்திருங்கள். இப்போது மடக்கிய நடுவிரலின் நுனி மூட்டை மட்டும் மடக்கப் பாருங்கள். முடியாது. நுனி தொளதொளவென்று கிடக்கும், இடது கையால் ஆட்டினால் ஆடும். நுனியை மடக்கும் தசை பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால், அவை நீண்டிருக்கும்போது அதன் பிடி நடுவிரலில் விட்டுப்போகிறது. 1976இல் கண்டேவியாவும் மெக்ளாஸ்கியும் இந்தத் தந்திரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். தசை விலகிய அந்த நிலையில் தோலும் மூட்டும் மட்டும்தான் சேதி அனுப்ப முடியும். நுனி அசைவதைக் கண்டுபிடிக்கும் திறமை அப்போது வெகுவாகக் குறைந்தது. தசையைத் திரும்பச் சேர்த்ததும் திறமையும் திரும்பியது. (ரயிலில் உட்கார்ந்து செய்து பார்ப்பவர்கள் எதிர் இருக்கைக்காரரின் பார்வைக்குத் தயாராக இருங்கள்.)

சரி, தசைக்குள் இருந்து அளப்பது எது? தசை இழைகளுக்கு நடுவே, அவற்றுக்கு இணையாக, நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்த, சில மில்லிமீட்டர் நீளமுள்ள உறுப்புகள் கிடக்கின்றன. தசைக்கதிர் என்று சொல்லலாம். தசை நீண்டால் கதிரும் நீளும். அதன் நடுவில் சுற்றியிருக்கும் நரம்பு முனை உடனே சேதி அனுப்பும். இரண்டு வகை முனைகள் உண்டு. ஒன்று எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதைக் கூர்மையாகச் சொல்லும், மற்றது இப்போது எவ்வளவு நீளத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். தசைநாணில் வேறொரு வகை உணர்வி இழுவிசையைக் கவனிக்கிறது. விரல்களில் தோலும் பங்கெடுக்கிறது, மடக்கும்போது முட்டியின் மேல்தோல் இழுபடுவதும் ஒரு சேதிதான். மூட்டு உணர்விகள் பெரும்பாலும் மூட்டு அதன் எல்லையை நெருங்கும்போதுதான் உரக்கப் பேசுகின்றன.

கதிருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. அதன் இரு முனையிலும் சின்னத் தசை இழைகள் உண்டு, அவற்றுக்கு முதுகுத்தண்டிலிருந்து தனி நரம்பு வருகிறது. தசை சுருங்கும்போது கதிர் தொய்ந்துவிடாமல் அந்த நரம்பு முனைகளை இழுத்துப் பிடிக்கிறது, வாசிப்பதற்கு முன் வீணையின் பிரடையைத் திருகித் தந்தியை இறுக்குவது மாதிரி. அதனால்தான் தளர்ந்து கிடக்கும் கையைவிட, லேசாக வேலை செய்துகொண்டிருக்கும் கைக்குச் சின்ன அசைவு நன்றாகத் தெரிகிறது. முழங்கையில் அளந்து பார்த்தே இதை உறுதி செய்திருக்கிறார்கள்.

இந்தக் கூர்மைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதைப் பார்க்க நல்ல இடம் பரதநாட்டிய வகுப்பு.

சிங்கப்பூரில் பரதநாட்டியத்துக்கு நெடிய வரலாறு இருக்கிறது. கே.பி. பாஸ்கர் 1952இலேயே இங்கே நடனப் பள்ளி தொடங்கினார், சாந்தா பாஸ்கர் அதில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை உருவாக்கினார். 1977இல் நீலா சத்தியலிங்கம் அப்சரஸ் ஆர்ட்ஸைத் தொடங்கினார். இன்று பெரிய பள்ளிகள் மட்டுமல்ல, சமூக மன்றங்களின் மேல்மாடி அறைகளிலும் சனி ஞாயிறு காலைகளில் தட்டுக்கழிச் சத்தம் கேட்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் வரும் சோதனை நாட்டியாரம்பம். இரு கைகளையும் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை லேசாக வளைத்து, அரைமண்டியில், அதாவது முழங்கால்களை வெளிப்பக்கமாகப் பாதி மடக்கி, நிற்க வேண்டும். அடவுகள் முடியும்வரை அந்தக் கை இறங்கக் கூடாது.

இறங்கும். நிச்சயம் இறங்கும். டீச்சர் "முழங்கை விழுது பாரு, தூக்கு" என்பார். பிள்ளை சத்தியம் பண்ணாத குறையாக "நான் இறக்கவே இல்ல டீச்சர்" என்று சொல்லும். பிள்ளை பொய் சொல்லவில்லை. அரை டிகிரி அசைவைக் கண்டுபிடிக்கும் தோள், பத்து டிகிரி கீழே இறங்கிய பிறகும் தனக்குத் தெரியாது என்கிறது. எப்படி?

விடை வேகத்தில் இருக்கிறது. கோல்ட்ஷைடர் மூட்டை அசைத்த வேகம் நொடிக்கு ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு அளவாவது இருந்தது. அதைவிட மெதுவாக, மணி முள் போகிற வேகத்தில் அசைத்தால், உணர்வதற்கு வேண்டிய குறைந்தபட்சக் கோணம் ஏறிக்கொண்டே போகும். மூட்டு பல டிகிரி நகர்ந்திருக்கும், நகர்ந்த உணர்வே இருக்காது. வேகமாக நீளும்போது ஓங்கிக் கத்தும் கதிரின் முதல் வகை முனை, இந்த மெதுவான நகர்வுக்கு வாயே திறப்பதில்லை. இரண்டாம் வகை முனை தரும் நிலைச் சேதி மட்டும் மிஞ்சுகிறது, அதுவோ அவ்வளவு கறாரானதல்ல. இதனோடு களைப்பும் சேர்கிறது. களைத்த தசையின் நிலையைக் கணிப்பதில் தவறு கூடும் என்பது பல சோதனைகளில் தெரிந்த விஷயம். கண்ணால் பார்க்காமல் ஒரே நிலையில் வைத்திருக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதும் அப்படியே.

ஆக அசைவை உணர்வது ஒன்று, இருக்கும் நிலையை அறிவது இன்னொன்று. நம்மிடம் முதலாவது கூர்மை, இரண்டாவது சுமார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை எந்தக் கோணத்திலாவது வைத்து மற்ற கையை அதற்குச் சமமாக நிறுத்தச் சொன்னால், நல்ல உடல்நிலையில் இருப்பவர்கூடச் சில டிகிரி தவறுவார். நடன ஆசிரியர் இறங்கிய கையில் ஒரு தட்டுத் தட்டுவது இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. தட்டியதும் கை சட்டென்று ஏறுகிறது. அந்த ஏற்றம் வேகமானது, எனவே முழுதாக உணரப்படுகிறது. சரியான உயரம் எது என்ற கணக்கு அந்த நொடியில் புதுப்பிக்கப்படுகிறது. பெரிய கண்ணாடி மாட்டிய வகுப்பறை வசதிதான், ஆனால் பிள்ளை எப்போதும் கண்ணாடியையே பார்த்தால் இந்தக் கணக்கைக் கண்ணே போட்டுவிடும். அவ்வப்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடச் சொல்லும் ஆசிரியர்கள் செய்வது சரி என்றே நினைக்கிறேன். மேடையில் கண்ணாடி கிடையாதே.

நிற்பது பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் கோல்ட்ஷைடரின் பட்டியலில் மந்தமாக வந்த கணுக்கால் இங்கே நம்மை ஆச்சரியப்படுத்துகிறது.

1994இல் ஃபிட்ஸ்பேட்ரிக், மெக்ளாஸ்கி இருவரும் நிற்கும் மனிதர் தன் உடல் ஆட்டத்தை எவ்வளவு சிறிய அளவில் உணர்கிறார் என்று பார்த்தார்கள். கண், உள்காது, கால் மூன்றையும் பிரித்துப் பிரித்துச் சோதித்தார்கள். கால் மட்டும் வேலை செய்தபோது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு ஆட்டம், அதுவும் நொடிக்கு 0.06 டிகிரி போன்ற மிக மெதுவான வேகத்தில், உணரப்பட்டது. நம் உடலின் எடைமையம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் அந்த உயரத்தில் இது 3 மில்லிமீட்டர் நகர்வு. வேகமான ஆட்டத்தில் கண்ணுக்கும் அதே கூர்மை இருந்தது, மெதுவான ஆட்டத்தில் மட்டும் அது காலைவிடப் பின்தங்கியது. சமநிலை என்றதும் எல்லோரும் உள்காதைச் சொல்வார்கள். ஆனால் இவ்வளவு மெதுவான ஆட்டத்தில் அது பத்து மடங்கு அளவுக்கு மந்தமாக இருந்தது.

தளர்ந்து கிடக்கும்போது ஒரு டிகிரிக்கு மேல் கேட்ட கணுக்கால், நிற்கும்போது மட்டும் இப்படி மாறுவது ஏன் என்றால், கெண்டைக்கால் தசைகள் அப்போது வேலையில் இருக்கின்றன. உடம்பின் எடை முழுவதும் அவற்றின் மேல் இருக்கிறது, கதிர்கள் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளங்காலில் அழுத்தம் முன்னும் பின்னும் மாறுவதும் சேர்ந்துகொள்கிறது. காலை நேரப் பெருவிரைவு ரயிலில் கம்பியைப் பிடிக்க இடமில்லாமல் கைப்பேசியில் மூழ்கி நிற்பவர்களைப் பாருங்கள். வண்டி வேகம் குறைக்கும்போது யாரும் யோசித்துக் காலை ஊன்றுவதில்லை. கண் திரையில் இருக்கிறது, கணுக்கால் பார்த்துக்கொள்கிறது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுத்து வருபவரின் நிலைமை இன்னும் கடினம். தோளுக்கு மேல் விரிந்த அலங்காரத்தால் உடலின் எடைமையமே மேலே ஏறிவிடுகிறது, அதனால் அதே கோணத்தில் சாய்ந்தாலும் கவிழ்க்கும் விசை கூடுகிறது. திருத்தம் சீக்கிரம் வர வேண்டும். அனுபவமுள்ள காவடிக்காரர்கள் நிற்கும்போதுகூடக் காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டே இருப்பது பக்தி என்பதோடு, அசையாமல் நிற்பதைவிட அசைந்துகொண்டிருப்பது உணர்விகளுக்கு எளிது என்பதாலும் இருக்கலாம். இது என் ஊகம், ஆய்வு முடிவல்ல.

இந்த உணர்வு போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படுபவர் இயான் வாட்டர்மேன். 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குக் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் அசைவுணர்வும் முற்றாகப் போய்விட்டன. தசையை இயக்கும் நரம்புகளுக்கு ஒரு சேதமும் இல்லை. வலியும் சூடும் குளிரும் தெரிந்தன. ஆனால் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்பது தெரியாததால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பல மாத முயற்சியில் ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் சரிந்து விழுந்துவிடுவார்.

2016இல் இன்னொரு கதவு திறந்தது. பீசோ2 என்ற மரபணு பிறவியிலேயே வேலை செய்யாத இருவரை, ஒரு சிறுமியையும் ஓர் இளம்பெண்ணையும், அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். கண் திறந்திருந்தால் நடந்தார்கள். கண்ணைக் கட்டியதும் தடுமாறினார்கள். மூட்டை எந்தப் பக்கம் அசைக்கிறார்கள் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நரம்பு முனை இழுபடும்போது அதை மின்சேதியாக மாற்றும், கதவு போலத் திறந்து மூடும் புரதத்தை உருவாக்குவது அந்த மரபணுதான். இந்தக் குடும்பப் புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை அரிதான நிலைமைகள். நம் வீடுகளில் நடப்பது வேறு, அது சத்தமில்லாமல் நடக்கிறது. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுள்ள சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது, அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையிலேயே அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அதைப் பற்றி விரிவாகப் பேசினார். சர்க்கரை என்றால் கண், சிறுநீரகம், கால் புண் என்று எல்லோருக்கும் தெரியும். அசைவுணர்வும் அதில் போகிறது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது மிக நீளமான நரம்புகளில், அதாவது கால் விரலில், தொடங்கி மேலே ஏறுகிறது.

பலதுறை மருந்தகத்தில் ஆண்டுக்கொரு முறை பாதச் சோதனை செய்வார்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு "தெரியுதா அங்கிள்?" என்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. நொடிக்கு 128 தடவை அதிரும் இசைக்கவையைக் கால் விரல் எலும்பில் வைப்பதும் உண்டு. நரம்பு மருத்துவர் என்றால் பெருவிரலைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, மேலேயா கீழேயா என்று கேட்பார். பக்கவாட்டில் பிடிப்பதற்குக் காரணம், மேலும் கீழும் பிடித்தால் விரலின் அழுத்தமே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும் என்பதுதான். இந்தக் கடைசிச் சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது. கையால் அசைக்கும்போது கோணம் பல டிகிரி போய்விடும். நல்ல நரம்பு உள்ளவர் அதில் சிறு பகுதியிலேயே சொல்லிவிடுவார். அதனால் பெருவிரல் சோதனையில் தேறிவிட்டேன் என்பதை வைத்து உணர்வு முழுதாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தோற்றுவிட்டால் மட்டும், நிறையப் போய்விட்டது என்று பொருள்.

உணர்வு தேய்ந்தவரை வீட்டில் யாரும் கவனிக்காததற்குக் காரணம் கண். பகலில் கண் ஈடுகட்டிவிடுகிறது. நின்றுகொண்டு கண்ணை மூடினால்தான் ஆட்டம் வெளியே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் பெயரால் மருத்துவர்கள் இதை இன்றும் சோதிக்கிறார்கள். முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது, தலையில் ஷாம்பு போடும்போது, இரவில் விளக்குப் போடாமல் கழிவறைக்குப் போகும்போது தடுமாறுகிறார் என்றால் கவனிக்க வேண்டும். கோயிலில் தீபாராதனை நேரத்தில் இன்னொரு காட்சி. அப்பா இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி, பாதங்களைச் சேர்த்து, கண்ணை இறுக மூடுகிறார். மருத்துவர் கேட்கும் நிலைக்கு ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டார். அந்தச் சில நொடிகளில் அவர் முன்னும் பின்னும் வழக்கத்துக்கு மீறி ஆடினாலோ, பக்கத்துத் தூணைத் தேடினாலோ, பக்திப் பரவசம் என்று விட்டுவிடாமல் அடுத்த பாதச் சோதனையில் செவிலியரிடம் சொல்லுங்கள்.

வயதானால் சர்க்கரை இல்லாதவருக்கும் இந்தக் கூர்மை கொஞ்சம் மங்கும். பயிற்சியால் மீட்க முடியுமா? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பல ஆண்டுகள் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்துவந்த முதியவர்கள், நீச்சலும் ஓட்டமும் செய்துவந்த அதே வயதினரைவிடக் கணுக்காலில் சிறிய அசைவுகளை உணர்ந்தார்கள். தாய்ச்சி செய்ததால் கூர்மை வந்ததா, கூர்மை உள்ளவர்கள் தாய்ச்சியில் நிலைத்தார்களா என்பதை இப்படிப்பட்ட ஒப்பீட்டை வைத்துத் தீர்ப்பது கடினம். ஆனாலும் மெதுவாக எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும் பயிற்சி இந்த உணர்விகளுக்கு நேரான வேலை என்பது பொருந்தித்தான் வருகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் காலை ஏழு மணிக்கு நடக்கும் தாய்ச்சிக் கூட்டத்தை "அது சீனர்களுக்கானது" என்று நம்மவர்கள் ஒதுங்கிப் பார்த்துக்கொண்டு போவதில் எனக்கு வருத்தம் உண்டு. யாரும் போகலாம். கூச்சமாக இருந்தால் அரைமண்டி இருக்கவே இருக்கிறது.

அப்புறம் செருப்பு. 1990களில் ராபின்ஸ் என்பவரும் சகாக்களும் செய்த சோதனைகளில், தடித்த மெத்தென்ற அடி வைத்த காலணியில் நின்ற முதியவர்களுக்குத் தங்கள் பாதம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் கணிப்பதில் தவறு கூடியது. மெல்லிய, உறுதியான அடி இருந்தபோது குறைந்தது. மெத்தை தரையின் சாய்வைப் பாதத்துக்குச் சொல்லாமல் மறைத்துவிடுகிறது. அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக மேகத்தில் நடப்பது போன்ற காலணி என்று விளம்பரம் செய்யப்படுவதை வாங்குபவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம். ஆனால் நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு இதே அறிவுரையை நீட்டி, வெறுங்காலோடு நடங்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அவர்களுக்குக் கல் குத்துவதும் தெரியாது, மதிய வெயிலில் கோயில் பிரகாரத் தரை சுடுவதும் தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும். அவர்கள் காலணியைப் பாதநல நிபுணரிடம் காட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் எதையாவது போட்டுக்கொள்ள வேண்டும், கழிவறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும்.